மீசான் கல்லின் எழுத்துகள்



மையவாடியில் கப்ரின் தலைமாட்டில் நடப்படும் கல்லை நாம் மீசான் கல் என்கிறோம். மீசான் என்றால் தராசு. மறுமையில் அமல்கள் நிறுக்கப்படுவதை நினைவூட்டும் பெயர் அது. அக்கல்லில் எழுதலாமா, எழுதினால் எதை எழுதுவது என்ற கேள்வி ஜமாஅத்துகளில் அவ்வப்போது எழுகிறது. அவ்வெழுத்து எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றே பார்ப்போம்.

உஸ்மான் இப்னு மழ்ஊன் (ரலி) அவர்களை அடக்கம் செய்தபோது, ஒரு கல்லைக் கொண்டுவருமாறு நபி (ஸல்) அவர்கள் ஒருவரைப் பணித்தார்கள். அவரால் அதைத் தூக்க இயலவில்லை. நபியவர்களே எழுந்து, சட்டைக் கைகளைச் சுருட்டிக்கொண்டு, அதைச் சுமந்து வந்து தலைமாட்டில் வைத்தார்கள். தம் சகோதரரின் கப்ரை அறிந்துகொள்ளவும், தம் குடும்பத்தாரில் மரணிப்போரை அதனருகில் அடக்கவும் அந்த அடையாளம் என்றார்கள். இது அபூதாவூதில் உள்ளது. அக்கல்லில் எழுத்து இருந்ததாக அந்த அறிவிப்பில் இல்லை. மாறாக, கப்ரின்மீது எழுதுவதைத் தடுக்கும் ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு திர்மிதீயில் இடம்பெற்றுள்ளது.

அப்படியானால் உலகெங்கும் இத்தனை கல்வெட்டுகள் எப்படி வந்தன? இமாம் ஹாகிம் (ரஹ்) அவர்கள் இத்தகைய அறிவிப்புகளை ஸஹீஹ் எனக் கூறிவிட்டு, கிழக்கிலும் மேற்கிலும் இமாம்களின் கப்ருகளில் எழுத்து இருப்பதாகவும், பின்னோர் முன்னோரிடமிருந்து பெற்ற வழக்கம் அது என்றும் குறிப்பிட்டார்கள். ஸஹாபாக்களில் எவரும் அவ்வாறு செய்ததாக அறியப்படவில்லை என்று இமாம் தஹபீ (ரஹ்) அதை மறுத்தார்கள்.

இவ்விவாதத்தின் நடுவே வைத்துப் பார்க்க வேண்டிய கல் ஒன்று கெய்ரோவின் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. எகிப்தில் கிடைத்த இது 1930ஆம் ஆண்டில் அறிஞருலகுக்கு அறிமுகமானது. அதிலுள்ள ஆண்டு ஹிஜ்ரீ 31 ஜமாதுல் ஆகிர், அதாவது கி.பி. 652. உஸ்மான் (ரலி) அவர்களின் கிலாபத்துக் காலம்! ஸஹாபாக்கள் பலர் உயிரோடிருந்த நாள்கள். அப்துர் ரஹ்மான் இப்னு கைர் என்று படிக்கப்படும் ஒருவரின் கப்ரு அது. புள்ளிகளற்ற பழைய அரபு எழுத்து. பிஸ்மில்லாஹ்வுக்குப் பின் பெயர். பின்பு அவருக்கும், அவரோடு நமக்கும் அல்லாஹ்வின் மன்னிப்பையும் ரஹ்மத்தையும் வேண்டும் துஆ. அதன்பின், இதைப் படிப்பவர் அவருக்காகப் பாவமன்னிப்புத் தேடி ஆமீன் சொல்லட்டும் என்ற வேண்டுகோள். புகழ்மொழி ஒன்றுமில்லை, குர்ஆன் வசனமும் இல்லை. வழிப்போக்கரிடம் ஒரு துஆவை யாசிப்பதே அக்கல்லின் வேலை. இதைக் கொண்டு தடையை மறுக்க நான் துணியவில்லை. அன்றைய மக்கள் கல்லில் எதைத் தேடினார்கள் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

வசனங்கள் பின்னர்ப் பெருகின. ஆயத்துல் குர்ஸீயும் இக்லாஸ் சூராவும் எகிப்தியக் கற்களில் ஏராளம். மரணத்தைக் குறிக்கும் 'துவுஃப்ஃபிய' என்ற சொல்லின் வேரில் முழுமையாகப் பெற்றுக்கொள்ளுதல் என்ற பொருள் உண்டு. கொடுத்தவன் குறைவின்றித் திரும்ப எடுத்துக்கொண்டான் என்பதாகும். 'மர்ஹூம்' என்பதும் அப்படித்தான். நாம் அதைப் பட்டம்போல் போடுகிறோம். உண்மையில் அது ரஹ்மத் கிட்டட்டும் என்ற துஆ.

குஜராத்தின் கம்பாயத்து நகரில் செதுக்கப்பட்ட பளிங்குக் கற்கள் கப்பலேறி ஜாவா வரை சென்றன. கிரெஸிக்கிலுள்ள மாலிக் இப்ராஹீம் அவர்களின் கல்லில் ஹிஜ்ரீ 822 (கி.பி. 1419) என்றுள்ளது. அது கம்பாயத்தில் அடங்கியுள்ள உமர் அல்-காஸரூனீ அவர்களின் கல்லை ஒத்திருப்பதை மொக்கெத் என்ற டச்சு அறிஞர் 1912இல் எடுத்துக்காட்டினார். கல்லே கடல் கடந்த தொடர்புக்குச் சாட்சியாயிற்று.

நமது ஷாஃபிஈ நூல்கள் கப்ரில் எழுதுவதை மக்ரூஹ் என்கின்றன. எனினும் இப்னு ஹஜர் அல்-ஹைத்தமீ (ரஹ்) போன்றோர், அடையாளம் காணும் அளவுக்குப் பெயரெழுத இடமளித்துள்ளனர். பெயரும் ஆண்டும் போதும் என்பதே என் கருத்து. குர்ஆன் வசனம் மிதிபடவும் அசுத்தப்படவும் வழியுண்டு. அதைத் தவிர்ப்பது பேணுதல்.

பழைய கற்களைப் பற்றி நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். மையவாடியைத் துப்புரவு செய்யும்போது சாய்ந்தும் உடைந்தும் கிடக்கும் கற்களை அகற்றுமுன், எழுத்தறிந்த ஒருவரை அழைத்து, பெயரையும் ஆண்டையும் ஜமாஅத் பதிவேட்டில் எழுதி வையுங்கள், புகைப்படமும் எடுத்துக்கொள்ளுங்கள். தேய்ந்த எழுத்தின்மேல் ஈரத்துணியால் துடைத்து, மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் பார்த்தால் பெரும்பாலும் படித்துவிடலாம்.