கொம்புமுறி: வசை பாடிய ஊர்களின் கதை

கனடாவின் கல்கரி நகரில் 1977ஆம் ஆண்டு கீத் ஜோன்ஸ்டன் என்னும் நாடகாசிரியர் ஒரு புதிய அரங்கப் போட்டியைத் தொடங்கினார். இரண்டு அணிகள் மேடையேறும். எழுதிவைத்த வசனம் கிடையாது. அந்தக் கணத்தில் தோன்றுவதையே பேசியும் நடித்தும் எதிரணியை விஞ்ச வேண்டும். அவையோர் ஆரவாரிப்பர், பிடிக்காவிட்டால் கூச்சலிட்டுக் கேலி செய்வர். மல்யுத்தப் போட்டிகளில் மக்கள் காட்டிய உற்சாகத்தைக் கண்டே அவருக்கு இந்த எண்ணம் உதித்தது. இன்று பல நாடுகளில் இந்தக் கலை பரவியிருக்கிறது. புலம்பெயர் நாடுகளில் நமது பிள்ளைகள் சிலரும் பள்ளிக்கூடத்திலேயே இதைப் பயில்கிறார்கள்.

இதனை மேலைநாட்டார் கண்டுபிடித்த புதுமை என்று வியப்பவர்களுக்கு மட்டக்களப்பு வாவிக்கரையின் ஒரு பழைய வழக்கத்தை நினைவூட்ட விரும்புகிறேன்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அந்த வாவிக்கு இரு கரைகள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. விழும் பக்கம் படுவான்கரை. இரு கரைகளிலும் கண்ணகி அம்மன் கோயில்கள் உண்டு. செட்டிபாளையம், மகிழூர், தெற்கே காரைதீவு, தம்பிலுவில் என அவற்றின் பட்டியல் நீளும். வைகாசி மாதத்தில் சடங்கு நடந்து குளிர்த்தியோடு நிறைவுறும். இந்த வழிபாட்டோடு பின்னிப் பிணைந்திருந்ததுதான் கொம்புமுறி விளையாட்டு.

கண்ணகியும் கோவலனும் பூப்பறிக்கச் சென்றபோது அவர்களுடைய கொக்கத்தடிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன என்பது இதற்குச் சொல்லப்படும் கதை. அதன்படி ஊர் இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த வைரமான மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, வடக்கயிறு கட்டி இரு சேரியாரும் இழுப்பார்கள். எந்தப் பக்கத்துக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. மழை பொய்த்தாலோ கொள்ளைநோய் பரவினாலோ அம்மனைக் குளிர்விக்க ஊரவர் இதனை ஆடினார்கள்.

கயிறு இழுப்பதோடு விளையாட்டு முடிவதில்லை. சனங்கள் விடிய விடியக் காத்திருந்தது சொற்போருக்காக. தன் பக்கத்தின் பெருமையைப் பாடுவதும் எதிர்ப்பக்கத்தை எள்ளி நகையாடுவதும் இரு சேரியாருக்கும் உரிமை. கொம்பு முறிந்ததும் வென்றவர் வாய்க்கு வேலி இல்லை; தோற்றவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மாமனை மருமகன் பாடலாம். மச்சானை மச்சான் பாடலாம். மற்ற நாட்களில் வாய்விட்டுச் சொல்லமுடியாத சொற்களையும் அன்று சொல்லலாம்.

இது தமிழருக்கு மட்டும் உரியதுமன்று. சிங்கள மக்களிடையே இதுவே அங்கெலிய. அங்கே உடுபில, யட்டிபில என இரு பக்கங்கள். தெய்வமும் பத்தினியாகிய அதே கண்ணகிதான். 1660ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைதியாக வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் இலண்டனில் வெளியான தமது நூலில் இந்த விளையாட்டை விவரித்திருக்கிறார். வளைந்த கொம்புகளையும் நோய் தீர வேண்டி ஆடியதையும் எழுதிய அவர், வென்றவர்கள் பேசிய பேச்சைத் தமது நூலில் எழுதக் கூசினார். அரசன் தண்டம் விதித்து அதனைத் தடுத்தான் என்றும் குறிப்பிடுகிறார். அரசனின் தடை ஒருபுறமிருக்க, சனங்கள் விளையாட்டைக் கைவிடவில்லை. அதன் பின்னரும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக அது வாழ்ந்திருந்தது.

தஞ்சையிலும் இதற்கு ஓர் உறவு முறை உண்டு. மராத்தியர் வழிவந்த லாவணியில், காமன் எரிந்தான் என ஒரு கட்சியும் எரியவில்லை என மறுகட்சியும் விடிய விடியப் பாடி மோதும். கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லவேண்டும். சபை சிரித்தால் வெற்றி.

மட்டக்களப்பில் பழைய பாடல்களைக் காத்த அறிஞர்கள் பலர். தி. சதாசிவ ஐயர் 1940இல் வசந்தன் கவித்திரட்டை அச்சேற்றினார். வி.சீ. கந்தையா 1964இல் மட்டக்களப்புத் தமிழகம் எழுதினார். 1968இல் கண்ணகி வழக்குரையைப் பதிப்பித்தார். கொம்புமுறிப் பாடல்களிலும் பலர் வாயில் பயின்று நிலைபெற்றவை எஞ்சின. ஆனால், எதிரில் நின்றவனின் நடையையோ அவன் மாட்டின் மெலிவையோ கண்டு அந்த நொடியில் கட்டிய அடிகளை எந்த ஏடு காக்கும்? அவை அன்றிரவே பிறந்து அன்றிரவே மறைந்தன.

இத்தகைய வசையை ஒரு சமூகம் எவ்வாறு தாங்கிக்கொண்டது? எல்லை மீறிக் கைகலப்பில் முடிந்த இரவுகளும் இல்லாமலில்லை. ஆயினும் பெரும்பாலும் தாங்கியதற்குக் காரணம் எளியது. இரு சேரியாரும் ஒரே அம்மனின் பிள்ளைகள். விடிந்ததும் ஒரே கோயில், ஒரே வயல், ஒரே வாவி. பக்கம் பிரிவதற்கு ஒரு நாள் இருந்ததுபோல, பிரிவு முடிவதற்கும் ஒரு நாள் குறிக்கப்பட்டிருந்தது. நாளையும் இவனோடு வாழ்வேன் என்ற உறுதி இருந்தால்தான் இன்று அவனைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கமுடியும்.

அந்த உறுதியைத்தான் போர் பறித்தது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழ்க் கிராமத்தவர் கொல்லப்பட்டனர். வாவிக்கரை மீண்டும் பக்கங்களாகப் பிரிந்தது. இம்முறை முடிவுநாள் குறிக்கப்படவில்லை. ஊரடங்கு நிலவிய இரவில் யார் கூடுவது, யார் பாடுவது? துப்பாக்கி வைத்திருப்பவன் மீது யாரும் கேலிப்பாட்டுக் கட்டுவதில்லை. அயலவனைப் பற்றிய ஒரு சொல் அவனுடைய உயிருக்கே உலை வைக்கக்கூடிய காலத்தில், வாய்க்கு வந்ததைப் பாடும் கலை முதலிலே சாகும்.

கொம்புமுறி போருக்கு முன்பே அருகத் தொடங்கிவிட்டது என்பதும் உண்மை. படித்தவர்கள் அதனைப் பண்பற்றது என ஒதுக்கினார்கள். போர் ஓய்ந்த பின்னர் கலைவிழாக்களில் அது மீண்டும் நிகழ்த்திக் காட்டப்பட்டிருக்கிறது. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் விழாவில் கொம்பை முறிப்பது எளிது. பழைய பாட்டைப் பாடுவதும் எளிது. புதிதாக ஒரு வசையைக் கட்டி, எதிரே நிற்பவன் முகத்துக்கு நேரே பாடி, அவனும் சேர்ந்து சிரிக்கும் நிலை வருவதுதான் அரிது.

கல்கரியில் அரங்கச் சீட்டு வாங்கியவர்கள் இரண்டு மணி நேரம் சிரித்துவிட்டு வீடு செல்கிறார்கள். அவர்களுள் பலர் ஒருவரையொருவர் மீண்டும் காணப்போவதில்லை. வாவிக்கரையிலோ சிரித்தவர்களும் சிரிப்புக்கு ஆளானவர்களும் மறுநாள் காலை ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சினார்கள். கொம்புமுறியை மீட்பதாகச் சொல்வோர் முதலில் மீட்கவேண்டியது அந்த மறுநாட் காலையைத்தான்.