தாய்லாந்துக் கடற்கரைகளில் கஞ்சா விற்பனை

தாய்லாந்தில் 1934ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே தடைசெய்யப்பட்டிருந்த கஞ்சா, 2019இல் மருத்துவத்துக்கு அனுமதிக்கப்பட்டு, 2022 ஜூன் 9 அன்று போதைப்பொருள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. ஆசியாவில் இதைச் செய்த முதல் நாடு தாய்லாந்துதான். புக்கெட் தீவின் பத்தோங், பட்டாயா, கோ சமுய் தீவின் சவெங் ஆகிய கடற்கரைகளில் மசாஜ் நிலையங்களுக்கும் நாணயமாற்றுக் கடைகளுக்கும் நடுவே பச்சை இலை விளக்கு எரியும் கடைகள் சில மாதங்களிலேயே முளைத்துவிட்டன.

நீக்கத்தை முன்னின்று நடத்தியவர் அன்றைய சுகாதார அமைச்சர் அனுட்டின் சார்ன்விரகுல். அவருடைய பூம்ஜாய்தாய் கட்சி 2019 தேர்தலில் இதை வாக்குறுதியாகவே வைத்தது. மருத்துவத்துக்கும் விவசாயிகளின் வருமானத்துக்கும்தான் இது, கேளிக்கைக்கு அல்ல என்று அரசு திரும்பத் திரும்பச் சொன்னது. ஆனால் பயன்பாட்டை முறைப்படுத்தும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறவேயில்லை. பழைய தடை போனது, புதிய சட்டம் வரவில்லை. கடைகள் பெருகியதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை.

வாங்குவதோ மிக எளிதாக இருந்தது. கண்ணாடிச் சாடிகளில் உலர்ந்த பூக்கள், ஒவ்வொன்றிலும் ரகத்தின் பெயர், போதை தரும் டிஎச்சி எத்தனை விழுக்காடு என்ற குறிப்பு, கிராம் கணக்கில் விலை. இருபது வயது நிரம்பாதவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் விற்கக் கூடாது என்பதைத் தவிர வாசலில் பெரிய தடையில்லை. பயணிகள் சிக்கியது கடைக்கு வெளியேதான். பொது இடத்தில் புகைத்துப் பிறருக்குத் தொல்லை தந்தால் 25,000 பாட் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. பத்தோங் உள்ளிட்ட சில கடற்கரைகளில் 2018 முதல் சிகரெட்டுக்கே தடை. 0.2 விழுக்காட்டுக்கு மேல் டிஎச்சி உள்ள சாறுகள் போதைப்பொருளாகவே நீடித்தன. எனவே வீரியமான எண்ணெய்களுக்குப் பூவுக்குக் கிடைத்த விலக்கு கிடையாது. அலமாரியில் இருப்பதெல்லாம் சட்டபூர்வமானது என்று பயணி நம்பிவிடுவது இயல்பே.

2025 ஜூனில் பூம்ஜாய்தாய் கட்சி ஆளும் கூட்டணியை விட்டு விலகிய சில நாட்களில், சுகாதார அமைச்சர் சோம்சக் தெப்சுதின் புதிய ஆணை பிறப்பித்தார். அதன்படி கஞ்சாப் பூ வாங்க மருத்துவரோ பாரம்பரிய வைத்தியரோ அனுமதி பெற்ற வேறு மருத்துவப் பணியாளரோ தரும் சீட்டு வேண்டும்; அதிகபட்சம் 30 நாட்களுக்கான அளவுதான் கிடைக்கும். இணைய விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் தடை. நாடெங்கும் பதிவு பெற்றிருந்த ஏறத்தாழ 18,000 கடைகளையும் இந்த ஆணை பாதித்தது. அனுட்டின் அதே ஆண்டு செப்டம்பரில் பிரதமரானார் என்பது இந்தக் கதையின் விசித்திரங்களில் ஒன்று.

வாங்கியதை ஊருக்குக் கொண்டுபோக எந்தக் காலத்திலும் வழியிருந்ததில்லை. சிங்கப்பூர் தன் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டில் உட்கொண்டாலும் குற்றமாகவே கருதுகிறது. திரும்பி வருவோரைச் சோதிக்கவும் செய்கிறது. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் 'ஹைட்ரோபோனிக்' (மண்ணின்றி வளர்க்கப்படும்) கஞ்சா பிடிபடுவது சென்னை விமான நிலையச் சுங்கத்துறைக்கு வழக்கமான செய்தியாகிவிட்டது. அங்கே கடை ரசீதைக் காட்டிப் பயனில்லை. 1985ஆம் ஆண்டு இந்தியப் போதைப்பொருள் சட்டத்தின்படி அது கடத்தல்தான்.