கையும் கெண்டியும்: கணினிச் சிற்பத்தின் பயிற்சிக் காலம்

வெண்பா எழுதப் பழகியவர்கள் இதனை அறிவர். ஆசிரியர் ஈற்றடி ஒன்றைத் தந்து, மேலே மூன்றடி கட்டிவரச் சொல்வார். கட்டிக்கொண்டு போனால் எங்கேனும் தளை தட்டும், திருத்துவார், பெரும்பாலும் தாள் கிழிபடும். அத்தகைய பயிற்சிப் பாடல்களை எவரும் நூலாக்குவதில்லை. ஆனால் ஒரு கலையின் தொடக்க வரலாறே பயிற்சிப் படைப்புகளின் வரலாறாக அமைந்திருக்கிறது. கணினியில் உருவம் சமைக்கும் கலையைத்தான் குறிப்பிடுகிறேன்.

இயந்திரம் செய்வதைச் சிற்பம் என்று அழைக்கலாமா என்று நம் வட்டத்தில் ஒரு மாலை வாதம் எழுந்தது. அன்று 'கூடாது' என்ற கட்சியில் உரக்கப் பேசியவன் நான். பின்னர் அதன் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன். படித்தபின் அக்கட்சியில் நிற்க இயலவில்லை. இக்கட்டுரையை அவ்வாதத்திற்கு நான் கடன்பட்ட மறுமொழியாகக் கொள்க.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் சிட்டிப் பல்கலைக்கழகத்தில், டேவிட் எவன்ஸ் கணினி வரைகலைக்கு ஒரு பயிற்சிக்கூடம் அமைத்தார். 1968இல் இவான் சதர்லண்ட் வந்து சேர்ந்தார். அக்காலத்தில் உருவத்தைத் திரையில் இழுத்து வளைக்கும் மென்பொருள் எதுவும் இல்லை. ஒரு பொருளைக் கணினிக்குள் கொண்டுசெல்ல வேண்டுமாயின், அதன் மேற்பரப்பில் புள்ளிகளைக் குறித்து, ஒவ்வொரு புள்ளியின் நீள அகல உயரங்களை அளந்து, எண்களாகத் தட்டச்சு செய்ய வேண்டும். மூன்று நான்கு புள்ளிகளை இணைத்தால் ஒரு பலகோணம். பலகோணங்கள் பல சேர்ந்தால் ஓர் உருவம்.

அங்குப் பயின்ற பிரெஞ்சுக்காரர் ஹென்றி கூரோ, தம் மனைவி சில்வியின் முகத்தின்மேல் கோடுகள் வரைந்து, நிழற்படம் எடுத்து அளந்தார். அம்முகம் திரையில் பட்டை தீட்டிய கல்லைப்போலக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஒவ்வொரு மூலையிலும் விழும் ஒளியைக் கணித்து, இடைப்பட்ட பரப்பில் அதைச் சிறிது சிறிதாகக் கலந்துவிட்டால் கட்டம் மறையும் என்று 1971இல் அவர் காட்டினார். அம்முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. முகம் கொடுத்தவரின் பெயரை நினைவில் வைத்திருப்போர் சிலரே.

மறு ஆண்டு சதர்லண்டின் மாணவர்கள் ஒரு வோக்ஸ்வாகன் வண்டின்மேல் ஏறினர். வண்டு என்பது அந்தக் காரின் செல்லப் பெயர். அதுவும் ஆசிரியரின் மனைவி மார்ஷாவினுடையது. உடலெங்கும் புள்ளியும் கோடும் தீட்டி, அளவுகோலால் அளந்தனர். அளந்தவர்களுள் ஒருவர் வியட்நாமில் பிறந்த புய் துவோங் போங். பளபளக்கும் பரப்பில் ஒளி தெறிக்கும் விதத்தைக் கணக்காக்கியவர். 1975இல் இளம் வயதிலேயே மறைந்தார்.

இனி அந்தக் கை. எட்வின் கேட்மல் என்ற மாணவர் சிறுவயதில் அசைவூட்டப் பட ஓவியராக விரும்பியவர். தமக்கு அந்த அளவுக்கு வரைய வராது என்று உணர்ந்து, இயற்பியலுக்கும் கணினிக்கும் திரும்பியவர். 1972இல் வகுப்புப் பயிற்சிக்காகத் தம் இடக்கையை அச்செடுத்தார். அச்சைக் கழற்றுகையில் கையிலிருந்த மயிரும் சேர்ந்து வந்துவிட்டதாம்! பின் சாந்தில் வார்த்த கையின்மேல் மையினால் ஏறத்தாழ 350 முக்கோணங்களையும் பலகோணங்களையும் வரைந்தார். எங்கே கோடு போடுவது என்பதில்தான் சிற்பியின் கண் இருக்கிறது. உள்ளங்கையின் சமவெளிக்குச் சில கோடுகள் போதும். விரல் மூட்டில் நெருக்கமாகப் போடாவிட்டால் விரல் மடங்கும்போது தோல் உடைந்து தெரியும். இன்று உருவமைக்கப் பயில்வோர் கண்ணையும் வாயையும் சுற்றிக் கோடுகளை வளையம் வளையமாக ஓட்டப் பல மாதம் பழகுவதும் இக்காரணத்தினாலேயே.

சகமாணவர் ஃபிரடெரிக் பார்க்குடன் சேர்ந்து அவர் எடுத்த அச்சிறு படத்தில் கை திரும்புகிறது, விரல்கள் மடங்குகின்றன. ஓரிடத்தில் பார்வை கைக்குள்ளேயே நுழைந்து, விரல்களின் உட்புறத்தைப் பார்க்கிறது. கல்லில் செதுக்கியவன் எவனும் தன் சிற்பத்தின் உள்ளே நுழைந்து பார்த்ததில்லை. அதைக் கண்ட அன்றே என் வாதம் பாதி தோற்றது. வரைய வராது என்று ஒதுங்கியவர் பின்னாளில் பிக்சார் நிறுவனத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரானார். 1995இல் முழுநீளப் படத்தையே கணினியில் சமைத்து வெளியிட்டது அந்நிறுவனம். அந்த வகுப்புப் பயிற்சி 2011இல் அமெரிக்க நாட்டின் காக்கத்தக்க திரைப்படப் பட்டியலில் இடம்பெற்றது.

கெண்டியின் கதை இன்னும் எளியது. மார்ட்டின் நியூவெலுக்குச் சோதனைக்கு ஒரு பொருள் தேவைப்பட்டது. வீட்டில் தேநீர் அருந்த அமர்ந்தபோது, இந்தத் தேநீர்ப் பாத்திரங்களையே அமைக்கலாமே என்றார் மனைவி சாண்ட்ரா. மேசைமேல் இருந்தது உள்ளூர்க் கடையில் வாங்கிய வெள்ளைக் கெண்டி. கட்டத்தாளில் பென்சிலால் வரைந்து, வளைவுகளைக் கட்டுப்படுத்தும் புள்ளிகளைக் கணித்தார். 1975இல் அது உலகுக்கு வந்தது. உருண்ட வயிறு, வளைந்த பிடி, துளையுள்ள மூக்கு. தன் நிழல் தன்மேலேயே விழும் வடிவம். சிறிதளவு எண்களில் அடங்கும் எளிமை. ஆய்வாளர் எல்லாரும் அதையே எடுத்தாண்டனர். ஒரு குறை: முதலில் அதற்கு அடிப்பகுதியே இல்லை. யாரும் கவிழ்த்துப் பார்க்கப் போவதில்லை என்பது எண்ணம் போலும். அடியைப் பிறர் பின்னால் சேர்த்தனர். அசல் கெண்டியோ திரையில் உள்ளதைவிட உயரமானது. கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

1994இல் ஸ்டான்ஃபோர்டில் கிரெக் டர்க்கும் மார்க் லெவாயும் ஒரு சுடுமண் முயலை ஒளிக்கதிரால் வருடி, 69,451 முக்கோணங்களாக்கினர். அளவுகோல் பிடித்த கைக்கு ஓய்வு கிடைத்தது. அம்முயலின் அடியிலும் ஓட்டைகள் உண்டென்பதை நகைச்சுவைக்காக இங்குக் குறிக்கிறேன்.

அளப்பது வேறு, வனைவது வேறு. திரையில் களிமண்ணைப் பிசைவதுபோல் பிசைய வழிசெய்தது 1999இல் அறிமுகமான ஸீபிரஷ் என்னும் மென்பொருள். எழுதுகோலை அழுத்தினால் பரப்பு மேடாகும், மாற்றி அழுத்தினால் குழியும். எண் மறைந்து கை திரும்பி வந்தது. ஆயினும் மண்ணின் எதிர்ப்பு அதில் இல்லை, ஈரம் இல்லை, தவறினால் ஒரு விசையில் பழையபடி மீளலாம். இதை நான் இன்னமும் இழப்பாகவே கருதுகிறேன். தடையே இல்லாத ஊடகத்தில் பழகுபவன், மண்டையோட்டின் வடிவம் நிற்குமுன் தோலின் துளைகளைச் செதுக்கப் போய்விடுகிறான். நல்ல ஆசிரியர்கள் குறைந்த பலகோணங்களிலேயே முதலில் தலையை நிறுத்தச் சொல்வது அதற்காகத்தான். யாப்பு நிற்காத பாட்டில் அணியைத் தேடும் இளங்கவிஞரை நாம் கண்டதில்லையா?

விலை கொடுத்து வாங்க இயலாதவர்க்கு வழி திறந்தது, நெதர்லாந்தில் பிறந்த பிளெண்டர். பயனர்கள் பணம் திரட்டி அதை மீட்க, 2002இல் யாவர்க்கும் பொதுவான மென்பொருளாயிற்று. அதில் செதுக்கும் பகுதியைச் சேர்த்தவர் நிக்கோலஸ் பிஷப். 2006இல் மாணவர்க்கான கூகுளின் கோடைக்காலத் திட்டத்தில் செய்த பணி அது. அதனுள் பழகுவோர்க்கென்று சுசான் என்ற குரங்கின் தலை ஒன்று வைத்திருக்கிறார்கள்; 507 புள்ளிகள் மட்டுமே கொண்டது; முதலில் பார்க்கக் கரடுமுரடாக இருக்கும். ஒரு கட்டளையிட்டால் ஒவ்வொரு கட்டமும் நான்காகப் பிரிந்து, காதும் கன்னமும் உருண்டு திரள்கின்றன. அம்முறை 1978இல் வகுக்கப்பட்டது. வகுத்தவர் இருவர்: ஒருவர் ஜிம் கிளார்க், மற்றவர், இடக்கையை அச்செடுத்த கேட்மல்.