'எவ்ரிஒன்' என்ற சொல்லும் 5,346 பெண்களும்

ஆங்கிலத்தில் எவ்ரிஒன், எனிஒன், சம்ஒன், நோபடி என்று சில ப்ரோநவுன்கள் உண்டு. இன்னார் என்று குறிப்பிடாமல் பொதுவாகச் சுட்டும் சொற்கள் இவை. எவ்ரிஒன் என்றால் 'எல்லோரும்' என்று பொருள் வந்தாலும் இலக்கணப்படி அது ஒருமை. அதனால் பக்கத்தில் 'ஹேவ்' வராது, 'ஹேஸ்' தான் வரும். இதுவரை குழப்பம் இல்லை.

"ஒவ்வொருவரும் தங்கள் புத்தகத்தைக் கொண்டு வந்திருக்கிறார்கள்" என்று ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் குழப்பம். 'தங்கள்' என்ற இடத்தில் 'ஹிஸ்' போடுவதா, 'தெயர்' போடுவதா? பார்க்கச் சின்னக் கேள்விதான். ஆனால் இதன் வரலாறு ஓட்டுரிமை வழக்கு வரை போகிறது!

மக்கள் வழக்கில் 'தே', 'தெயர்' மிகப் பழையது. 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே ஒருவரைக் குறிக்க அது வந்திருக்கிறது. ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் அப்படி எழுதியவர்கள்தான்.

18ஆம் நூற்றாண்டில் இலக்கணப் புத்தகங்கள் பெருகின. ஆண், பெண் இருவரையும் சேர்த்துச் சொல்ல 'ஹீ' போதும் என்று எழுதியவர்களில் முந்தியவர் ஆன் ஃபிஷர் என்ற பள்ளி ஆசிரியை. ஆம், ஒரு பெண்தான்! 1795இல் வெளியான லிண்ட்லி மர்ரேயின் இலக்கணம், எனிஒன் என்பதற்குப் பின் 'தே' வருவதைப் பிழை என்று திருத்தியது. ஒருமைக்குப் பன்மை பொருந்தாது என்பது காரணம். பெண்ணுக்கு 'ஹிஸ்' மட்டும் எப்படிப் பொருந்தும்? அதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்து இந்த விதி சட்டத்துக்குள் நுழைந்தது. சட்டங்களில் ஆண்பால் சொல் வந்தால், வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, அது பெண்களையும் குறிக்கும் என்று 1850இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் போட்டது. அதே பிரிட்டிஷார் ஆண்ட இந்தியாவில், 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் 8ஆம் பிரிவில், 'ஹீ' என்பது ஆண், பெண் இருவரையும் குறிக்கும் என்றது. தண்டனையில் பெண்களுக்கும் இடம் கிடைத்தது!

உரிமையில் கிடைத்ததா? 1832 தேர்தல் சீர்திருத்தச் சட்டம் வாக்காளரை 'மேல் பர்சன்' என்றது. 1867இல் வந்த சட்டமோ 'மேன்' என்று மட்டும் சொன்னது. 1850 சட்டப்படி அது பெண்ணையும் குறிக்க வேண்டுமே! மான்செஸ்டரில் 5,346 பெண்கள் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கக் கோரினார்கள். வழக்கு 1868இல் நீதிமன்றத்துக்கு வந்தது. அவர்களுக்காக வாதாடியவர்களில் ஒருவர் ரிச்சர்ட் பாங்கர்ஸ்ட். பின்னாளில் பெண்கள் ஓட்டுரிமைக்காகப் போராடிய எம்மலின் பாங்கர்ஸ்டின் கணவர் இவர்தான்.

பெண்கள் தோற்றார்கள். இந்தச் சட்டத்தில் 'மேன்' என்பது பெண்களைக் குறிக்காது, ஓட்டுப் போடும் தகுதி அவர்களுக்குச் சட்டத்தில் இல்லை என்றது நீதிமன்றம். பிரிட்டனில் 30 வயதைக் கடந்த பெண்களில் ஒரு பகுதியினருக்கு 1918இலும், ஆண்களுக்குச் சமமாக 1928இலும்தான் ஓட்டுரிமை கிடைத்தது.

இதற்கு நடுவே புதுச் சொற்களையும் உருவாக்கிப் பார்த்தார்கள். 1858இல் அமெரிக்கர் ஒருவர் 'தான்' என்று ஒன்றை உருவாக்கினார் (நம் 'தான்' அல்ல!). 1934 வெப்ஸ்டர் அகராதியில் இடம் பிடித்த அது, 1961 பதிப்பில் காணாமல் போனது. 'தே' மட்டும் பேச்சில் நிலைத்து நின்றது. 2019இல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி அதையே ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 'ஹீ' என்ற சொல்லையே வைத்துக்கொண்டு, அதில் திருநரையும் சேர்த்தது.

பன்மைச் சொல் ஒருவரைக் குறிப்பது தமிழருக்குப் புதிதல்ல. பழந்தமிழில் பலரைக் குறித்த 'அவர்', இன்று ஒருவரை மரியாதையாகச் சொல்லும் சொல். ஆங்கிலத்தின் 'யூ'வும் ஒரு காலத்தில் பன்மைதான்.

ஆகவே எவ்ரிஒன் வந்தால் வினைச்சொல்லை ஒருமையில் வைக்க வேண்டும்: ஹேஸ், இஸ், வாஸ். பின்னால் 'தெயர்' வரலாம், தவறில்லை. 'ஹிஸ் ஆர் ஹெர்' என்றும் எழுதலாம். 'ஹிஸ்' மட்டும் போட்டால் எல்லோரும் அதில் அடக்கம் என்ற வாதம், 1868லேயே நீதிமன்றத்தில் தோற்றுப்போனது.