அணை உடைந்த ஊர்

கலும்பாங்கிலிருந்து கெர்லிங் வழியாகத் தெற்கே போனால், கோலகுபு பாரு அருகில் அம்பாங் பெச்சா வரும். எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். அந்தப் பெயருக்கு 'உடைந்த அணை' என்று பொருள்.

ஈயம் தோண்டியவர்கள் தண்ணீர் தேக்க மண்ணால் எழுப்பிய பழைய அணை அது. 1883 அக்டோபர் 29 அன்று உடைந்து, பழைய கோலகுபுவை அடித்துச் சென்றது. மாவட்ட அதிகாரி செசில் ரேங்கிங்கும் மாண்டார். அவர் வெள்ளை முதலையைச் சுட்டதால்தான் உடைந்தது என்று ஊரில் ஒரு கதை உண்டு.

முதலை கிடக்கட்டும். உபரிநீர் வெளியேற வழியில்லாவிட்டால், கரைமேல் வழிந்து மண்ணை அரித்துவிடும். நம் பாட்டன்மார் ஊர்க் கண்மாய்களில் இதற்காகத்தான் கலுங்கு வைத்தார்கள். கரைக்குள் புகும் கசிவோ உள்ளிருந்தே குடையும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

பின்னாளில் சுரங்க மணலால் ஆறு மேடாகி வெள்ளம் ஓயாததால், ஊரே மேட்டுக்கு மாறியது. அதுதான் கோலகுபு பாரு.

இன்றும் தனியார் நிலங்களில் சிறிய மண் அணை கட்டிக் குளம் தேக்கி, மீன்பிடிக்கவும் குளிக்கவும் விடுகிறார்கள். பெருநாள் விடுமுறையில் நாமும் குடும்பத்தோடு போகிறோம். பாய் விரிக்குமுன் கரையைச் சுற்றிப் பாருங்கள். கரையடியில் சேற்றுநீர் கசிந்தால் பிள்ளைகளை இறக்காதீர்கள். நிலத்துக்காரரிடமும் கீழே குடியிருப்போரிடமும் உடனே சொல்லுங்கள்.