மாங்காய் புட்டாவுக்கு எப்படி வந்தது ஸ்காட்லாந்து ஊர் பேரு?

அம்மாவின் பட்டுப்புடவை பார்டர், உங்கள் மெஹந்தி டிசைன், பைக்கில் போகும்போது முகத்தில் கட்டுகிற பந்தனா... மூன்றிலும் ஒரே உருவத்தைப் பார்த்திருப்பீர்கள். அடி பருத்து, நுனி மட்டும் ஒரு பக்கமாக வளைந்திருக்கும். ஆன்லைனில் இதன் பேர் 'பெய்ஸ்லி'. தர்மபுரி மாவட்டம் கம்பைநல்லூரில் யாரிடமாவது காட்டிப் பாருங்கள், "மாங்காய்தானே இது?" என்பார்கள்.

நியாயம்தான். தர்மபுரியும் பக்கத்து கிருஷ்ணகிரியும் மாந்தோப்புகளுக்குப் பேர்போனவை. அங்கிருந்து மாங்கூழ் ஃபேக்டரிகளுக்கு லோடு லோடாகப் போகும் பெங்களூரா ரகத்துக்கு இன்னொரு பேர், கிளிமூக்கு. நுனியில் கிளி அலகு மாதிரி ஒரு வளைவு. அப்படியே புட்டா!

ஆனால், இன்று உலகம் சுற்றும் 'பெய்ஸ்லி' கிளம்பியது, மாமரத்துக்கு ஒத்துவராத குளிரான காஷ்மீரிலிருந்து. 1620-ல் முகலாய மன்னர் ஜஹாங்கீர் அங்கே போனபோது, ஓவியர் மன்சூர் நூற்றுக்கும் மேற்பட்ட பூக்களை வரைந்தார். அந்தக் காலத்துச் சால்வைகளிலும் வேர், தண்டு, இலை எல்லாம் தெரிகிற நிஜப் பூச்செடிதான் இருக்கும். போகப் போக வேர் மறைந்தது, பூக்கள் நெருக்கியடித்தன, உச்சிப் பூ ஒரு பக்கம் சாய்ந்தது. சுமார் 200 வருடத்தில் செடி போய், வளைந்த வெளிக்கோடு மட்டும் மிச்சம். பாரசீகத்தின் சைப்ரஸ் மரம்தான் இதற்கு மூலம் என்று சொல்பவர்களும் உண்டு.

சரி, ஸ்காட்லாந்து எங்கே வந்தது? காஷ்மீரில் ஒரு நல்ல சால்வை நெய்ய ஒரு வருடத்துக்கு மேலேயும் ஆகும். ஐரோப்பாவிலோ அதற்கு அவ்வளவு கிராக்கி. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர் நெசவாளர்கள் அதைக் காப்பியடித்துக் குறைந்த விலைக்கு விற்க, டிசைனுக்கே அந்த ஊர்ப் பேர் ஒட்டிக்கொண்டது. நெய்த காஷ்மீரிக்குக் கிரெடிட் இல்லை! 1870-களில் பாவாடையின் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டும் ஃபேஷன் வந்தது. சால்வை போட்டால் அது மறைந்துவிடுமே... அந்த வியாபாரம் படுத்தது. டிசைன் மட்டும் சாகவில்லை. ஹிப்பி காலத்தில், 1968-ல், ஃபெண்டர் கம்பெனி பெய்ஸ்லி வால்பேப்பரையே ஒட்டி கிட்டார் விற்றது.

நம் ஊரில் அது மாங்காயாகவே இருக்கிறது. காஞ்சிபுரம் தறிகளில் டிசைன்களுக்குப் பேர் வைத்த விதத்தைப் பாருங்கள்: தாழம்பூ ரேக்கு, மல்லிமொக்கு, மயில்கண். எல்லாம் கண்ணெதிரே பார்த்தவை. அந்த வரிசையில்தான் மாங்காயும். ஜவுளிக்கடையில் "பெய்ஸ்லி பார்டர் இருக்கா?" என்றால் அண்ணன் கொஞ்சம் முழிக்கலாம். "மாங்கா பார்டர்" என்று சொல்லிப் பாருங்கள், இருபது புடவையைப் பிரித்துப் போடுவார்.