சுழல் துப்பாக்கியும் அதனைச் சேகரிப்போரும்

பீடோரிலிருந்து மேற்கே தெலுக் இந்தான் சென்று, பேராக் ஆற்றை ஒட்டி வடக்கே திரும்பினால் பாசிர் சாலாக் வரும். 1875 நவம்பர் 2 ஆம் நாள், முதல் பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச் அங்கே ஆற்றுக் குளியலறையில் ஈட்டியால் குத்திக் கொல்லப்பட்டார். வெளியே காவல் நின்ற சீக்கியரின் கையில் குண்டேற்றிய ரிவால்வர் இருந்தது. அவரோ அதனைச் சுடாமல் ஆற்றிலே குதித்துவிட்டார் என்று அக்கால ஆங்கிலேயர் எழுதியுள்ளனர்.

அந்த ஆண்டுகளில் ரிவால்வர் பெரிதும் மாறிக்கொண்டிருந்தது. அதற்கு முந்திய தலைமுறையே இன்று உலகச் சேகரிப்பாளர்கள் தேடும் 'கேப்பு' வகை. தட்டினால் வெடிக்கும் மருந்தைக் கொண்டு துப்பாக்கி சுடும் முறைக்கு 1807 இல் காப்புரிமை பெற்றவர் அலெக்சாண்டர் போர்சைத் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார்! பின்னர் அம்மருந்து சிறு செம்புக் கேப்பினுள் அடங்கிற்று. 1836 இல் அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் சுழலும் உருளைக்குக் காப்புரிமை பெற்றார். உருளையின் ஒவ்வோர் அறையிலும் வெடிமருந்தைக் கொட்டி, ஈயக் குண்டை அழுத்தி, பின்புறம் கேப்பைப் பொருத்த வேண்டும். ஆறு முறை சுடலாம். மீண்டும் நிரப்புவதற்குள் எதிரி வந்துவிடுவான். உலோகத் தோட்டா பரவியதும் இவ்வகை வழக்கொழிந்தது.

1851 இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் கோல்ட்டும் ஆங்கிலேயரான ராபர்ட் ஆடம்சும் போட்டியாகத் தத்தம் துப்பாக்கிகளை வைத்தனர். கோல்ட் 1853 இல் லண்டனிலேயே தொழிற்சாலை திறந்தார். அது சில ஆண்டுகளே நடந்தது. ஆகவே, குழலின் மீது லண்டன் முகவரி பொறித்த கோல்ட் துப்பாக்கிக்குத் தனி மதிப்பு. உருளை, சட்டம், குழல் ஆகியவற்றின் எண்கள் ஒத்திருக்கின்றனவா என்று சேகரிப்பாளர் முதலில் பார்ப்பார். துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்கியதை அவர் விரும்பார். பழைய மேற்பூச்சு போனால் பாதி விலையும் போயிற்று. நம் வீடுகளில் பித்தளைக் குத்துவிளக்கைப் புளியிட்டுத் துலக்கும் வழக்கம் இங்கே ஆகாது.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இத்தகைய பழம்பொருளுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. மலேசியாவில் 1960 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 1971 ஆம் ஆண்டின் கடுந்தண்டனைச் சட்டமும் துப்பாக்கியை இறுக்கிக் கட்டியுள்ளன. 1948 இல் தொடங்கிய அவசரகாலத்தில், உரிமமின்றி ஆயுதம் ஏந்தியவருக்கு மரண தண்டனை என்றிருந்ததைத் தோட்டத்து முதியோர் மறந்திலர். இத்தகைய நாட்டில் படைக்கலச் சேகரிப்பு தைப்பிங் அருங்காட்சியகம் போன்ற பொது நிலையங்களுக்கு உரியதாவதே முறை. 1883 இல் தோன்றிய அது, மலாய் மாநிலங்களின் முதல் அருங்காட்சியகம்.

பொது நிலையமும் எல்லாவற்றையும் காத்துவிடுவதில்லை. 1855 இல் தஞ்சை மராத்திய அரச மரபு முடிவுற்றபின், அரண்மனைப் படைக்கலக் கொட்டிலிலிருந்து தேர்ந்தெடுத்த சில ஆயுதங்களே சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. எஞ்சிய குவியல் உடைபட்டுப் பழைய இரும்பாக விலைபோயிற்று. வால்ஹவுஸ் என்னும் ஆங்கில அதிகாரி 1878 இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். எவர் கையில் எந்த வாள் இருந்தது என்று கேட்டு எழுதிவைக்க, தஞ்சையில் அப்போது ஆள் இல்லாமலா போயிற்று?